அரை டிக்கெட் கேட்ட மாணவர்கள்!

"முழுக் கட்டணம் கொடு. இல்லாவிட்டால் இறங்கு!"

"நான் மாணவன். பாதிதான் கொடுப்பேன்!"

வங்காள தேசத்தின் தலைநகரம் டாக்கா. 2021-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்த நகரத்துப் பஸ்களில் இப்படித்தான் வாக்குவாதம் நடந்தது. ஒரு பக்கம் கண்டக்டர். மறு பக்கம் புத்தகப் பையுடன் மாணவன்.

சண்டை எப்படி மூண்டது?

டீசல் விலை ஏறியது

அந்த நாட்டு நாணயத்தின் பெயர் டகா. 65 டகாவுக்கு விற்ற ஒரு லிட்டர் டீசல், அந்த மாதத் தொடக்கத்தில் 80 டகா ஆகிவிட்டது. பஸ் முதலாளிகள் பஸ்களை நிறுத்தினார்கள். உடனே பஸ் கட்டணம் உயர்ந்தது. டாக்காவில் கிலோ மீட்டருக்கு 1 டகா 70 காசாக இருந்த கட்டணம் 2 டகா 15 காசு ஆயிற்று.

பள்ளிக்கூடம் 10 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 43 டகா. மாதம் 25 நாள் போனால் 1,075 டகா! வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் 2,150 டகா. ஏழைத் தகப்பன் எங்கே போவான்?

"மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்" என்ற கோஷத்துடன் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள்.

50 ஆண்டுக் கோரிக்கை

இது புதிய கோரிக்கை அல்ல. 1969-ம் ஆண்டு அந்த நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தது. அயூப்கான் ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் 11 கோரிக்கைகளை வெளியிட்டார்கள். அதிலேயே இது இருந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் ரெயிலிலும் ஸ்டீமரிலும் பாதிக் கட்டணம். நகர பஸ்ஸில் எங்கே போனாலும் 10 பைசா. வெளியூர் பஸ்ஸில் பாதி.

தனி நாடு பிறந்தது. ஆனால் கோரிக்கை தீரவில்லை. 2018-ம் ஆண்டு டாக்காவில் பஸ் மோதி இரண்டு மாணவர்கள் இறந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். அவர்களுடைய 9 கோரிக்கைகளிலும் அரை டிக்கெட் இடம் பெற்றது.

கண்டக்டரின் கஷ்டம்

கண்டக்டர் கல்நெஞ்சரா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

டாக்காவில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை தனியாருடையவை. பல பஸ்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைக்கு இவ்வளவு என்று முதலாளிக்குக் கட்டிவிட வேண்டும். டீசல் செலவும் போக, மிஞ்சுவதே கூலி. மாணவன் பாதி கொடுத்தால் மறு பாதி இவர்கள் வயிற்றில் இருந்துதான் போகும். அதனால்தான் மாணவர் கூட்டத்தைக் கண்டால் சில பஸ்கள் நிற்பதே இல்லை!

"நஷ்டத்தை ஈடுகட்ட அரசாங்கம் மானியம் தரட்டும்" என்றார்கள் முதலாளிகள்.

வெற்றி வந்தது

நவம்பர் 24-ந்தேதி மாநகராட்சிக் குப்பை லாரி மோதி ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். 29-ந்தேதி இரவு பஸ் மோதி இன்னொரு மாணவர் பலியானார். ஆத்திரம் பெருகியது. மறுநாளே முதலாளிகள் இணங்கினார்கள். டிசம்பர் 1-ந்தேதி முதல் டாக்காவில் தனியார் பஸ்களிலும் அரசு பஸ்களிலும் பாதிக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. சிட்டகாங் நகரத்தில் அது டிசம்பர் 11-ந்தேதி தொடங்கியது.

ஆனால் தனியார் பஸ்களில் அப்போது நிபந்தனைகள் இருந்தன. அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரைதான் சலுகை இருந்தது. விடுமுறை நாளில் இல்லை என்றார்கள்.

மானியம் மட்டும் வரவில்லை. அறிவிப்பு வந்த பிறகும் பஸ்ஸுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை.

பள்ளிக்கூடச் சம்பளத்தைப் போல, பஸ் கட்டணமும் படிப்புச் செலவுதான். பாதியை மாணவன் கொடுக்கிறான். மறு பாதியைக் கொடுக்க வேண்டியது நாடு. அதைக் கண்டக்டரின் தலையில் கட்டினால், சண்டை எப்படித் தீரும்?