டோம்பிவிலி வீடுகளும் ஜன்னல் கண்ணாடியும்

2016ஆம் ஆண்டு மே 26ஆம் நாளன்று டோம்பிவிலித் தொழிற்பேட்டையில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு மே 23ஆம் நாளன்று, அதே தொழிற்பேட்டையில் வேறொரு தொழிற்சாலையிலும் அத்தகைய விபத்து நேர்ந்தது. இவை ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதம் தொழிற்சாலை மதிலோடு நிற்கவில்லை. அதிர்வலை சுற்றியுள்ள குடியிருப்புகளைத் தாக்கியது. வெடிப்புக்குத் தொடர்பே இல்லாத வீடுகளில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி அறைகளுக்குள் சிதறின.

இரண்டு விபத்துகளுமே மே மாதக் கடைசியில் நிகழ்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். மும்பை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே, ஜன்னலை இழந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது இரண்டு அல்லது மூன்று வார அவகாசமே. இத்தகைய அவசரத்தில் முதலில் கிடைத்த ஆளிடம், முதலில் கிடைத்த கண்ணாடியைப் போடச் சொல்வது இயல்பு. ஆனால் ஒருமுறை பொருத்திய ஜன்னல் இருபது, முப்பது ஆண்டுகள் அந்தச் சுவரில் இருக்கப் போகிறது. அவசரத்தில் செய்த தேர்வின் விளைவை அத்தனை ஆண்டுகளும் அனுபவிக்க நேரிடுகிறது.

தொழிற்சாலையும் வீடும் இவ்வளவு அருகில் வந்தது எப்படி என்ற கேள்வி எழலாம். டோம்பிவிலித் தொழிற்பேட்டை உருவான காலத்தில் அதைச் சுற்றி வயல்களும் சிற்றூர்களுமே இருந்தன. பின்னர் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இடம் போதாமலும் வாடகை கட்டுப்படியாகாமலும் போன நடுத்தரக் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உள்பட, மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையை ஒட்டிக் குடியேறின. கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி 1983ஆம் ஆண்டில் அமைந்தது. நகரம் வளர்ந்து தொழிற்பேட்டையின் வேலியைத் தொட்டுவிட்டது. தொழிற்சாலைகளின் பாதுகாப்பு அரசின் பொறுப்பும் உரிமையாளர்களின் பொறுப்பும் ஆகும். ஜன்னலை மாற்றுவதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. எனினும் வீட்டில் வசிப்பவர் தம் கையால் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

கண்ணாடியின் குணம்

சாதாரண ஜன்னல் கண்ணாடி மிகக் குறைந்த அழுத்தத்திலேயே உடைகிறது. வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல், திடீரென வந்து மோதினாலே பெரிய கண்ணாடித் தகடுகள் உடையக்கூடும். செங்கற் சுவருக்கு அந்த அழுத்தம் ஒரு பொருட்டே அன்று. எனவேதான் வெடிப்பு நிகழ்ந்த இடத்திலிருந்து வெகு தொலைவில், சுவரில் ஒரு கீறலும் இல்லாத வீட்டிலும் கண்ணாடி மட்டும் தூளாகிறது. உடையும்போது அது நீண்ட, கூரிய கத்தி போன்ற துண்டுகளாகச் சிதறுகிறது. காயங்களுக்குக் காரணம் இந்தத் துண்டுகளே.

இதற்கு மாற்றாக இருவகைப் பாதுகாப்புக் கண்ணாடிகள் உள்ளன. முதல் வகை பதப்படுத்திய கண்ணாடி. கடைகளில் 'டஃபன்டு' என்று கேட்டால்தான் தெரியும். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாகப் பாய்ச்சித் திடீரெனக் குளிரச் செய்வதால் அதன் மேற்பரப்பு இறுக்கமடைகிறது. அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கைந்து மடங்கு வலிமை உடையது. உடைந்தாலும் மழுங்கிய சிறு துண்டுகளாகவே உதிர்கிறது. ஒரு கட்டுப்பாடு உண்டு: பதப்படுத்திய பிறகு இதை வெட்டவோ துளையிடவோ இயலாது. அளவு தவறினால் தகடு முழுவதும் வீண். வீட்டுக்கே கொண்டுவந்து வைரமுனையால் கீறி வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வைத்திருப்பது பதப்படுத்திய கண்ணாடி அன்று.

இரண்டாம் வகை, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழிப் படலம் ஒன்றை வைத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. மோட்டார் வாகனத்தின் முன்கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்தது. 6.38 மில்லிமீட்டர் என்று விலைப்பட்டியலில் காணப்படும் அளவு, மூன்று மில்லிமீட்டர் தகடுகள் இரண்டும் 0.38 மில்லிமீட்டர் படலமும் சேர்ந்தது. இது உடையும்; ஆனால் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். வெடிப்பு அபாயமுள்ள இடங்களில் அடுக்குக் கண்ணாடியே மேலானது. பதப்படுத்திய கண்ணாடி உதிர்ந்துவிட்டால் ஜன்னல் வெறுமையாகிறது, மழை உள்ளே வருகிறது. அடுக்குக் கண்ணாடி விரிசலுடனாவது அடுத்த ஏற்பாடு வரை நிற்கிறது. ரயில் பாதையை ஒட்டிய வீடுகளில் இரைச்சலையும் அது ஓரளவு தணிக்கிறது.

புதிய கண்ணாடிக்கு வசதியில்லாதவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும், உள்ள கண்ணாடியின் உட்புறத்தில் பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்ளலாம். வெயிலைத் தடுக்கும் மெல்லிய நிறப்படலம் வேறு, பாதுகாப்புப் படலம் வேறு. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் காட்டக்கூடும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிச் செல்வது பொருந்தும். வெடிப்பின் ஒளி கணநேரத்தில் கண்ணை எட்டும். அதிர்வலையோ ஏறத்தாழ ஒலியின் வேகத்தில், ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுத்துக்கொண்டு வரும். இடைப்பட்ட நேரத்தில் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடுவது மனித இயல்பு. 1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது, அதற்கு முன் மூண்ட தீயை ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பலர் கண்பார்வை இழந்தனர். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் வெடித்தபோதும் காயமுற்றோரில் பெரும்பாலோர் கண்ணாடித் துண்டுகளால் காயமுற்றவர்களே. வானத்தில் பளீரென ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எந்தக் கண்ணாடியையும்விட மலிவான பாதுகாப்பு.

சட்டமும் சுவரும்

கண்ணாடி எவ்வளவு நல்லதாயினும் அதைப் பிடித்திருக்கும் சட்டம் வலுவற்றதானால் பயனில்லை. அழுத்தம் கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து திருகாணிக்கும், திருகாணியிலிருந்து சுவருக்கும் செல்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி வலுவற்றதோ அங்கே அறுந்துவிடும். அடுக்குக் கண்ணாடி சட்டத்தின் காடியில் ஆழமாகப் பதிந்திராவிட்டால் முழுத்தகடாகவே பெயர்ந்து அறைக்குள் விழும்.

காற்றின் கணக்கும் இதுவே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, மும்பைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 44 மீட்டரைக் குறிக்கிறது. இது மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1160 நியூட்டன் அழுத்தம் கிடைக்கிறது. அதாவது, ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் மேல் 118 கிலோ எடையைச் சுமத்தியதற்கு ஒப்பானது. உயரம், சுற்றுப்புறக் கட்டிடங்கள் முதலியவற்றுக்கேற்ப இது கூடும், குறையும். 2021 மே மாதம் டவ்தே புயல் மும்பையைக் கடந்து சென்றபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. எனவே இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று.

சட்டத்துக்கு இன்று அலுமினியமும் யு.பி.வி.சி.யும் பெருவழக்காக உள்ளன. அலுமினியத்தில் விலைக் குறைப்பு நடைபெறுவது பெரும்பாலும் கனத்தில்தான். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சட்டங்களில் ஒன்றின் சுவர் மற்றதைவிட மெல்லியதாக இருக்கலாம். சதுர அடிக்கு விலை பேசும் வழக்கம் இதை மறைத்துவிடுகிறது. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்டுத் துண்டு ஒன்றை எடைபோட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். மேற்பூச்சும் முக்கியம். டோம்பிவிலியின் காற்றில் மழைக்கால ஈரமும் இரசாயன ஆவியும் கலந்துள்ளன. 2014 ஜனவரியில் இங்கே பச்சை நிற மழை பெய்ததாக வந்த செய்தியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய இடத்தில் 10 மைக்ரான் ஆனோடைஸ் பூச்சு போதாது. 20 அல்லது 25 மைக்ரான் கேட்பதே முறை. இரும்புத் திருகாணியை அலுமினியத்தில் செலுத்தினால் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரிப்பு ஏற்படும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

யு.பி.வி.சி. அரிப்புக்கு ஆளாவதில்லை; இது இவ்வூருக்கு ஏற்ற குணம். ஆனால் உள்ளே எஃகு வலுவூட்டல் இல்லாத பெரிய சட்டம் நாளடைவில் வளையும். வலுவூட்டல் வெளியே தெரியாது என்பதால், பொருத்துவதற்கு முன் பட்டறையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டிடங்களில் தேக்குச் சட்டம் இருந்தால் அதைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டுவது நல்லது. மரம் உளுத்துப் போகாதிருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிச் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். பழந்தேக்கைப் பெயர்த்து எடுத்துச் செல்வதில் சிலர் காட்டும் ஆர்வம் அதன் மதிப்பைத் தெரிவிக்கும்.

மழையும் காற்றோட்டமும்

சான்டா குரூஸ் வானிலை நிலையத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகிறது. 2005 ஜூலை 26ஆம் நாளில் தொடங்கிய ஒரே 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. சாய்ந்தடிக்கும் இந்த மழையில் தள்ளு ஜன்னலின் கீழ்த்தடத்தில் நீர் தேங்கும். அது வெளியேறத் தடத்தின் வெளிப்பக்கத்தில் துளைகள் வேண்டும். இத்துளைகளைப் போடாமல் விடுவதும், போட்ட துளைகளைப் பின்னர் சிலிக்கோன் பசையால் அடைத்துவிடுவதும் அடிக்கடி காணப்படும் குறைகள். ஜன்னலின் அடிக்கல் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே சஜ்ஜா இல்லாத ஜன்னலுக்கு அதை அமைக்காமல் பசையை மட்டும் நம்புவது வீண்.

இரு தடத் தள்ளு ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். பழைய இருகதவு ஜன்னலை எடுத்துவிட்டு அதே அளவில் இதைப் போட்டால் காற்று பாதியாகக் குறைகிறது. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் இது தெரியவரும். வெளியே இரும்புக் கம்பிச் சட்டம் போடுவோர் அதில் ஒரு பகுதியையாவது உள்ளிருந்து திறக்குமாறு அமைக்க வேண்டும். தீ விபத்தின்போது வெளியேற அதுவே வழியாகலாம்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தைச் சேர்ந்த கட்டிடமாயின் முதலில் சங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். திறப்பைப் பெரிதாக்கச் சுவரையோ உத்தரத்தையோ வெட்டுவதாயின் கட்டமைப்புப் பொறியாளரின் கருத்தும் மாநகராட்சியின் அனுமதியும் இன்றித் தொடங்கலாகாது. அனுமதி தேவையில்லை, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறும் ஒப்பந்தக்காரரை அந்த இடத்திலேயே விலக்கிவிடலாம்.

புதிதாகப் பொருத்திய ஜன்னல் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆகவே ஒப்பந்தக்காரர் காட்டும் புதிய வேலையைப் பாராமல், இரண்டு பருவமழையைத் தாங்கிய வேலை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் ஜன்னலுக்குக் கீழேயுள்ள சுவரைக் கண்ணால் பார்த்தால் போதும், ஈரக்கறை மறைவதில்லை. அளவெடுக்க வருபவர் அகலத்தை மூன்று இடங்களிலும் உயரத்தை மூன்று இடங்களிலும் எடுக்கிறாரா, இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுகிறாரா என்பதைக் கவனிக்கலாம். பழைய கட்டிடத்தில் எந்தத் திறப்பும் நேர்ச்சதுரமாக இருப்பதில்லை. ஒரே ஓர் அளவைக் குறித்துக்கொண்டு போகிறவர் மிஞ்சும் இடைவெளியைப் பசையால் நிரப்பப் போகிறவர்.

விலைப்புள்ளியில் கண்ணாடியின் வகை, கனம், சட்டத்தின் எடை, பூச்சின் மைக்ரான், திருகாணியின் உலோகம், பழைய சட்டத்தையும் உடைந்த கண்ணாடியையும் அகற்றும் பொறுப்பு ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்று பேரிடம் விலைப்புள்ளி பெற்றாலும் இவை எழுதப்படாவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரம் ஐ.எஸ். 2553. தகட்டின் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பொருத்துவதற்கு முன்பே பார்த்து, உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். எடையும் ஒரு சோதனையே. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ எடை கொண்டது. 1.2 மீட்டர் சதுர ஜன்னலில் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி மொத்தம் 18 கிலோ இருக்க வேண்டும். 14 கிலோ இருந்தால் போட்டிருப்பது நான்கு மில்லிமீட்டர்.

முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்கலாகாது. பொருள் வந்து முத்திரையைப் பார்த்த பின் ஒரு பகுதி, பொருத்திய பின் ஒரு பகுதி என்று வகுத்துக்கொண்டு, ஒரு சிறு தொகையை முதல் கனமழை வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. மழைக்குக் காத்திராமல், வேலை முடிந்த அன்றே குழாய் நீரை வெளிப்புறத்திலிருந்து பீய்ச்சியும் பார்க்கலாம். கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒழுக்கு எந்த இணைப்பில் உள்ளது என்பது தெரியாது.

வரிப் பதிவு எண்ணுடன் கூடிய இரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். இரசீது இல்லாவிட்டால் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று கூறுவோர் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு செய்யலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த இரசீதும் எழுத்து மூலமான விலைப்புள்ளியுமே.