கேர் பண்றீங்களா சார்?

'கேர்' - இங்கிலீஷில் நாலு எழுத்து, தமிழில் ரெண்டே ரெண்டு. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பஸ் ஏறுகிற யாரும் இந்த வார்த்தையைச் சொல்லாமலோ கேட்காமலோ ஒரு நாளைத் தள்ள முடியாது.

பெட்டி மேல் 'ஹேண்டில் வித் கேர்' (தூக்கிப் போடுவதற்கு முதலில் தேர்வாவது அந்தப் பெட்டிதான்). போனை வைக்கும்போது 'டேக் கேர்'. ஃபோர்மேன் திட்டினால், அவர் போனபிறகு கேண்டீனில் 'ஐ டோன்ட் கேர்'. ரூமுக்கு வருகிற பார்சலில் 'கேர் ஆஃப்' போட்டு ஹவுஸ் ஓனர் பெயர். இதைத்தான் தமிழில் 'மே/பா' என்று எழுதினார்கள் - மேற்பார்வை. வாடகை பாக்கி வைத்திருக்கிற மாசத்தில் ரொம்பப் பொருத்தமான மொழிபெயர்ப்பு!

பழைய இங்கிலீஷில் இது 'காரு'. அர்த்தம் துக்கம், கவலை. லத்தீன் 'கூரா'வுக்கும் இதற்கும் உறவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது, 'க்யூர்'தான் அந்த வீட்டுப் பிள்ளை. ஒருத்தருக்காகக் கவலைப்படுவது என்று ஆரம்பித்து, அவரைப் பார்த்துக்கொள்வது என்று போய் நின்றிருக்கிறது. நம் அப்பா தலைமுறையைக் கேட்டால், 'கேர்' என்றால் பள்ளிக்கூடத்துப் பால் பவுடர் என்பார்கள். 1945-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'கேர்' அமைப்பு, அறுபதுகளில் நம் மதிய உணவுக்கு உதவிய ஞாபகம் அது.

தமிழன் இந்த வார்த்தையை வாங்கியதில் ஒரு வேடிக்கை. 'அவன் என்னைக் கேர் பண்றதே இல்ல' என்று புலம்பத்தான் அதிகம் வாங்கியிருக்கிறான். நிஜமாகவே பண்ணினால் உடனே தமிழுக்கு மாறி, 'நல்லா கவனிச்சுக்கறான்' என்கிறான். அந்தக் 'கவனிப்பு' லேசுப்பட்டதா? ஆஸ்பத்திரியில் கவனித்தால் சிசுருஷை. ஃபைல் நகரக் கவனித்தால் லஞ்சம். 'ஸ்டேஷன்ல நல்லா கவனிச்சாங்க' என்றால் ஒரு வாரம் உட்கார முடியாது!

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். நமக்கு 'உஷார்' என்றால் ஜாக்கிரதை. கன்னடத்தில் 'ஹுஷாரு'க்கு அதுவும் உண்டு, உடம்பு நன்றாயிருப்பதும் உண்டு. 'ஹுஷாரில்லா' என்றால் உடம்பு சரியில்லை.

இந்த ஒரு வார்த்தையில் ஒரு பையன் மாட்டிக்கொண்டான். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பிரஸ் ஷாப். ஆனேக்கல் பக்கத்துப் பையன், ஜுரத்தோடு நைட் ஷிஃப்ட். ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. கட்டுப் போட்டபோது சூப்பர்வைசரிடம், "ஹுஷாரில்லா சார், ஆவாகலே ஹேளிதே" என்றான். உடம்பு சரியில்லை, அப்பவே சொன்னேனே என்று அர்த்தம். சூப்பர்வைசர் சேலத்துக்காரர். 'நான் உஷாராக இல்லை' என்று அவனே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்டில் காரணம்: 'கேர்லெஸ்னெஸ்'. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

இது சாதாரண விஷயமில்லை சார். 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம், தொழிலாளி மேல் பழி போட்டு முதலாளி தப்பிக்க மூணு காரணம்தான் கொடுத்தது: குடி அல்லது போதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றுவது. அதுவும் உயிர் போயிருந்தால் செல்லாது. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே மூணுதான். அசதியில், ஜுரத்தில் வருகிற வெறும் கேர்லெஸ் இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ஆனால் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன், 'நம்ம மேலதானே தப்பு' என்று எத்தனை பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள்!

கன்னடம் தெரிந்த ரெண்டு பேரோடு பர்சனல் ஆபீசுக்குப் போனோம். அரை மணி நேரம் 'ஹுஷாரு'க்கு வகுப்பு எடுத்தோம். 'கேர்லெஸ்னெஸ்' அடிக்கப்பட்டு, 'ஜுரம்' என்று எழுதினார்கள். "மெஷினுக்கு கார்டு இல்லை, அதையும் எழுதுங்க சார்" என்றோம்.

"ஓகே, பார்க்கலாம், டேக் கேர்" என்றார் ஆபீசர்.