செல்லின் வாசலில் உப்பும் குரோமியமும்

உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அதை அமைக்கின்றன. இடையிடையே புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறுகள் கொழுப்பு அடுக்கைத் தாமாகவே கடக்கும். செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நடக்கும் இந்த நகர்வே பரவல். சோடியம், குளோரைடு போன்ற அயனிகளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவற்றுக்குப் புரதத்தாலான தனிப்பாதை வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழிலில், சரக்கைக் காப்பதிலும் கழிவின் கேட்டிலும் இந்த வேறுபாடுதான் வேலை செய்கிறது.

உரித்த பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் பாக்டீரியா பெருகி அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கச் சதைப்பக்கத்தில் உப்பைத் தேய்த்து அடுக்குகிறார்கள். வழக்கமாகத் தோல் எடையில் 40 சதவீதம் வரை உப்பு செலவாகும். தோலின் ஈரத்தில் உப்புச் செறிவு ஏறியதும் பாக்டீரியா செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடுகிறது. சவ்வு உப்பைத் தடுத்து, நீரை மட்டும் விடுவதால் நிகழும் இதுவே சவ்வூடு பரவல். நீரிழந்த செல் சுருங்கும், பெருக்கம் நிற்கும். நீர் விரைந்து கடப்பதற்கென்றே பல செல்களில் அக்வாபோரின் என்னும் புரதக் கால்வாய் உண்டு. ஒரு கால்வாயில் நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் கடக்கும். இதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உப்பிட்டு நாள்பட்ட தோலில் சில சமயம் செந்நிறத் திட்டுகள் தெரியும். அவை உப்புவிரும்பி நுண்ணுயிர்களின் கூட்டம். இவை பொட்டாசியத்தைச் செல்லுக்குள் சேர்த்து வைத்து, வெளியிலுள்ள உப்புச் செறிவை ஈடுகட்டுவதால் நீரை இழப்பதில்லை. செறிவு வேறுபாட்டை எதிர்த்து அயனிகளை நகர்த்த ஆற்றல் செலவாகும். இது செயல்மிகு கடத்தல். விலங்குச் செல்களில் ஏடிபி ஆற்றலால் இயங்கும் ஒரு புரதம், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. 1957இல் இதை விவரித்த யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

பதனிடும் ஆலையில் முதல் வேலை தோலை ஊறவைப்பது. சரக்கைக் காத்த உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு கழிகிறது. பல பத்தாண்டுகள் அது பாலாற்றிலும் கிணறுகளிலும் வயல்களிலும் சேர்ந்தது. வேரின் செல்சாறு மண்நீரைவிடச் செறிவாக இருக்கும்வரைதான் நீர் வேருக்குள் ஏறும். மண்நீர் உப்பேறினால் அந்த வேறுபாடு குறையும். நிலத்தில் ஈரமிருந்தும் பயிர் வாடும். போதாததற்கு, பொட்டாசியம் செல்லும் பாதைகளில் சோடியமும் நுழைகிறது. இந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

குரோமியத்தின் கதை வேறு. தோலைப் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். டிரம்மில் ஏற்றியதும் தோல் நீலநிறம் பெற்று வெட்புளூ ஆகிறது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த இந்த அயனி செல் சவ்வை எளிதில் கடப்பதில்லை. அறுவிணைதிற குரோமியமோ நீரில் குரோமேட்டாக இருக்கிறது. நடுவில் ஓர் அணு, சுற்றி 4 ஆக்சிஜன், இரட்டை எதிர்மின்னூட்டம் என அதன் வடிவம் சல்பேட்டை ஒத்தது. செல்லுக்குச் சல்பேட் தேவை என்பதால் அதற்கான கடத்திப் புரதங்கள் சவ்வில் உண்டு. அங்கே குரோமேட் ஆள்மாறாட்டம் செய்து நுழைகிறது. உள்ளே வைட்டமின் சி, குளுட்டாதயோன் போன்றவை அதை மூவிணைதிறமாக மாற்றுகின்றன. இப்போது அது வெளியேற வழியில்லை. டிஎன்ஏவோடு பிணைந்து சேதம் விளைவிக்கிறது. இரண்டும் ஒரே தனிமம்தான் என்றாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதிசெய்யப்பட்டது அறுவிணைதிற வடிவமே. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஆபத்தானதற்குக் காரணம் இதுவே. இந்திய குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்தை மட்டுமே அனுமதிக்கிறது.

வட்டாரத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சவ்வையே நம்புகின்றன. உப்புநீரின் மேல் சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் நகரும். இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் சிட்னி லோபும் 1960 வாக்கில் கலிபோர்னியாவில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் செல் சவ்வைப் போல உப்பைத் தேர்ந்து கடத்தும் பாதைகள் இதில் இல்லை. நீரைப் பிரித்து, உப்பை ஒருபக்கம் ஒதுக்குவதோடு இதன் பணி முடிகிறது. ஒதுக்கிய செறிவுநீரை ஆவியாக்கினால் கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது என்பது தனிச் சிக்கல். எனவே சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குறைந்த உப்பில் தோலைப் பாதுகாக்கும் முறைகளையும், குரோமியத்தைத் தோலுக்குள்ளேயே கூடுதலாக நிலைநிறுத்தும் பதனிடலையும் ஆராய்ந்து வருகிறது.