இருள் பிரியாத வாசலில் கோலமிடும் கைகள்

மார்கழி மாதத்து விடியற்காலை, மணி நாலரை. சென்னை மயிலாப்பூரின் மாடவீதிகளில் பனி இறங்கிக் கொண்டிருக்கிறது. கபாலீசுவரர் திருக்கோயிலில் திருவெம்பாவை ஓதுவதைக் கேட்கச் செல்லும் அடியார்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு விரைகின்றனர். அவர்கள் செல்லும் வழியில், தெருவிளக்கின் மங்கிய ஒளியில், ஒரு பெண்மணி குனிந்து நின்று கோலம் இட்டுக் கொண்டிருக்கிறார். கோபுரத்தைக் கண்டதும் குவிகின்ற கைகள் பல. கோலமிடும் அந்தக் கையைக் கவனிக்கின்ற கண்கள் மிகச் சிலவே. ஆயினும் அந்த வீதியில் அன்றைய வழிபாட்டை முதலில் தொடங்கி வைத்தவர் அவர்தாம்.

இன்னுமொரு செய்தியும் உண்டு. பல இடங்களில் அது அவருடைய சொந்த வீட்டு வாசல் அன்று.

புள்ளியும் இழையும்

கோலமிடுவது எளிய செயலாகத் தோன்றலாம். அருகே நின்று பார்த்தால்தான் அதிலுள்ள பயிற்சி விளங்கும். வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்த நீரைத் தெளிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் மாவு கரைந்துவிடும்; குறைந்தால் காற்றில் பறந்துவிடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, முதலில் புள்ளிகள் வைக்கப்படுகின்றன. நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் ஊடுபுள்ளியாக 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே வந்தால் மொத்தம் 37 புள்ளிகள். அளவுகோல் கிடையாது, அழித்துத் திருத்தவும் இடமில்லை. எந்தப் புள்ளியைச் சுற்றி இழை வளைய வேண்டும், எங்கே ஒன்றையொன்று கடக்க வேண்டும் என்பதெல்லாம் விரல்களுக்கே மனப்பாடம். சிக்குக் கோலங்கள் சிலவற்றில் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்துவிடும்.

இந்த அறிவு ஆராய்ச்சியாளர்களையும் வியக்க வைத்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களின் அமைப்பைக் கணிப்பொறி இலக்கணத்தோடு இணைத்து, 1974-ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். தாயிடமிருந்து மகள் கற்றுவந்த கலைக்குள் இத்தகைய நுட்பமான கணிதம் அமைந்திருப்பதை அறிஞர் உலகம் அறிந்துகொண்டது.

மார்கழிக்கு ஏன் இந்தச் சிறப்பு?

மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது மரபு. உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தட்சிணாயனம் இரவு. அந்த இரவு விடிவதற்கு முந்தைய பிரம்ம முகூர்த்தமாக அமைவது மார்கழி. மாதங்களில் தாம் மார்கழி என்று கண்ணபிரான் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் அருளியிருக்கிறார். திருமலையில் இம்மாதம் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆண்டாள் அருளிய 30 திருப்பாவைப் பாசுரங்களும் மணிவாசகர் அருளிய 20 திருவெம்பாவைப் பாடல்களும் விடியலின் இருளிலே எழுந்து நிற்கும் பெண்களைத்தான் காட்டுகின்றன. மயிலையின் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்திவந்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

கோலத்திற்கும் ஆண்டாளுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில், தை மாதத்தில் தரையைத் தூய்மை செய்து மண்டலமிட்டதையும், நுண்ணிய மணலால் தெருவை அழகு செய்ததையும் அவரே பாடுகிறார். அரங்கனை அடைய நோன்பிருந்த அந்தப் பிராட்டியும் வீதியில் குனிந்து நின்றவரே.

எறும்புக்கும் ஒரு பங்கு

ஆண்டாள் கையாண்டது நுண்மணல். இல்லத்து வாசலுக்கு அரிசிமாவு என்பது பெரியோர் வகுத்த வழக்கம். எறும்பும் சிட்டுக்குருவியும் அணிலும் அதை உண்ணும். இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் ஒன்றான பூதயக்ஞம், அதாவது பிற உயிர்களுக்கு உணவளித்தல், இவ்வாறு கதவைத் திறந்த உடனேயே நிறைவேறிவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியை விஜயா நாகராஜன் கோலத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கு, ஆயிரம் உயிர்களுக்கு உணவளித்தல் என்ற பொருளிலேயே தலைப்பிட்டிருக்கிறார்.

இன்று பல வாசல்களில் விழுவது கல்மாவு. அது வெண்மையாக இருக்கிறது, விரலிலிருந்து சீராக இறங்குகிறது, விலையும் குறைவு. ஆனால் எறும்புக்கு அதில் ஒன்றுமில்லை. பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, சற்றே கொரகொரப்பாக அரைத்தால் அரிசிமாவும் விரலில் தடையின்றி இறங்கும். வாசல் முழுவதற்கும் இயலாவிட்டாலும், நடுவிலுள்ள சிறு கோலத்தையேனும் அரிசிமாவில் இடலாம்.

பிறர் வாசலில் ஒரு தொண்டு

முன்பு அந்தந்த வீட்டுப் பெண்களே வாசல் தெளித்துக் கோலமிட்டனர். இன்று மாமிகளுக்கு முழங்கால் வலி. குனிந்தால் தலை சுற்றுகிறது. மருமகள் அலுவலகத்திற்கு ஓட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டிற்கும் ஒரே வாசல். ஆகவே இந்தப் பொறுப்பு வீட்டு வேலை செய்யும் அம்மாளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தம் வீட்டுக் குழந்தைகள் உறங்கிக் கொண்டிருக்கும்போதே எழுந்து, இருளில் நடந்துவந்து, நான்கைந்து வாசல்களில் கோலமிட்ட பிறகே தம் வாசலுக்கு அவர் திரும்ப முடியும்.

கோலமிடுவதோடு அவர் பணி முடிவதில்லை. எந்த வீட்டில் இன்று சிராத்தம், எந்த வீட்டில் தீட்டு என்பதை அவர் நினைவில் வைத்திருக்கிறார். அந்த வாசல்களைக் கோலமின்றி விடுகிறார். வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் வந்தால் இரட்டை இழையும் காவியும் சேர்க்கிறார். மார்கழி பிறந்தால் கோலத்தின் நடுவே சாணத்தைப் பிடித்துவைத்து, பூசணிப்பூவைத் தேடிக் கொண்டுவந்து செருகுகிறார். பஞ்சாங்கம் பார்க்கும் இல்லங்களின் மரபு, அவருடைய நினைவாற்றலிலும் பிழைத்துக் கொண்டிருக்கிறது.

அவருக்கு உரிய மரியாதை கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் கோலத்திற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பாத்திரம் துலக்கும் கூலியிலேயே அதுவும் அடங்கிவிடுகிறது. கோலம் கோணலாக அமைந்தால் குறை சொல்வோர் உண்டு. அழகாக அமைந்த நாளில் ஒரு சொல் பாராட்டுவோர் குறைவு. வாகனத்தை அதன்மீதே ஏற்றிச் செல்வோரும் உள்ளனர். ஐந்து வேள்விகளில் எறும்புக்குரிய பூதயக்ஞத்தோடு, மனிதர்களை உபசரிக்கும் மனுஷ்ய யக்ஞமும் ஒன்று. வாசலில் எறும்புக்கு அரிசிமாவு இட்டுவிட்டு, அதை இட்ட கையை மறந்தால் வேள்வி பாதியிலேயே நின்றுபோகும்.

முதியோர் செய்யக்கூடியவை

குனிய இயலாத முதியோருக்கும் இதில் தொண்டு உண்டு. மாவை அரைத்து வைக்கலாம். கோலமிட்டு நிமிரும் அம்மாளுக்குச் சூடான காபி கொடுக்கலாம். பனிக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கித் தரலாம். மார்கழி நிறைவில் பொங்கல் புடவையோடு, கோலத்திற்கென்று தனியாக ஒரு தொகையைத் தாம்பூலத்தில் வைத்து அளிக்கலாம். அது கூலியாக மட்டும் இராது, சம்பாவனையாகவே அமையும்.

இவற்றினும் மேலான காரியம் ஒன்றிருக்கிறது. விடுமுறை நாளில் பேத்தியையும் பேரனையும் எழுப்பி, அந்த அம்மாளின் அருகில் நிற்க வைக்கலாம். பாட்டிக்குத் தெரிந்த கோலங்கள் பழைய நோட்டுப் புத்தகத்தில் உறங்கிக் கொண்டிருக்கும். அவற்றை எடுத்து, புள்ளிக் கணக்கைப் பாட்டி சொல்ல, இழையை அந்த அம்மாள் இழுக்க, குழந்தைகள் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொள்வார்கள். நிலைப்படியில் ஒட்டும் பிளாஸ்டிக் கோலம் பல மாதம் இருக்கும். ஆனால் அது எந்தக் குழந்தைக்கும் ஒரு புள்ளி வைக்கவும் கற்றுத் தராது.

ஜனவரியில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவில், வடக்கு மாடவீதியிலேயே கோலப்போட்டி நடைபெறுகிறது. அங்கே கூட்டம் கூடிநின்று பாராட்டுகிறது. அந்தப் பாராட்டில் ஒரு சிறு பகுதி, போட்டியும் பரிசுமின்றி இருளில் தினமும் வரைகின்ற கைகளுக்கும் சேர வேண்டும். மார்கழி மாதம் முழுவதும் இறைவனைப் பாடச் செல்லும் அடியார்கள், வழியில் ஒரு நொடி நின்று, "கோலம் லட்சணமா இருக்கும்மா" என்று சொல்லிச் சென்றால் போதும். அந்தச் சொல் கேட்டு நிமிரும் முகத்திலும் திருமகளின் அருள் விளங்கக் காணலாம்.