மேடையில் நல்லவளா, கெட்டவளா?

ஆண்டு விழா நாடகத்துக்குப் பாத்திரங்கள் பங்கிடும் நாளில் எந்தப் பள்ளியிலும் நடப்பது யாவரும் அறிந்ததே. மாதாவாக நடிக்கப் பத்துப் பேர் கை தூக்குவர். சம்மனசாக நிற்கப் பதினைந்து பேர். யூதாஸ் என்றதும் எல்லாக் கண்களும் தரையைப் பார்க்கும். மறுநாள் காலையில் தாயாரோ தகப்பனாரோ வந்து, "எங்கள் பிள்ளைக்கு அந்த வேஷம் வேண்டாம் சிஸ்டர், ஊரில் நாலு பேர் கேலி பேசுவார்கள்" என்று கேட்டுக்கொள்வதும் உண்டு. இந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. கெட்டவர் வேஷம் போடுவதால் பிள்ளைக்கு ஏதும் ஒட்டிக்கொள்ளுமா? ஒரு பாத்திரம் நல்லதா கெட்டதா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது?

நம் பழைய நாடகக் கம்பெனிகளில் இந்த முடிவு சுலபமாயிருந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பங்குகள் முன்னமே வகுக்கப்பட்டிருந்தன. சாரீரமும் உடற்கட்டும் பார்த்து ஆளைப் பொறுக்குவார்கள். கள்ளபார்ட்டுக்கு மனம் எப்படிப்பட்டது என்று எவரும் கேட்டதில்லை.

மலைக்கு அப்பால் வகைகள் இன்னும் நுட்பமானவை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியே போனால் கேரளம். அந்தச் செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே கதகளியில் முகத்து வர்ணத்தைப் பார்த்த மாத்திரத்தில் குணம் தெரிந்துவிடும். தர்மம் வழுவாத அரசர்களுக்குப் பச்சை. முரட்டுத் துச்சாதனனுக்குச் சிவப்புத் தாடி. அனுமனுக்கு வெள்ளைத் தாடி. சூர்ப்பனகைக்குக் கரி. பெண்களுக்கும் முனிவர்களுக்கும் மினுக்கு. இவற்றுள் நம் மாணவியர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது "கத்தி" என்னும் வேஷம். இராவணனும் துரியோதனனும் கீசகனும் கத்தி வேஷக்காரர்களே. அவர்கள் முகத்திலும் அடிப்படை வர்ணம் பச்சைதான்! அதன் மேல் கத்தி போல் வளைந்த சிவப்புக் கோடும், மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டைகளும் வைப்பார்கள். பிறப்பும் வீரமும் கல்வியும் உயர்ந்தவையே, அகந்தை அவற்றைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சாயத்தாலேயே சொல்லிவிட்டார்கள். பூதனையோ இன்னும் சாமர்த்தியசாலி. குழந்தை கண்ணனுக்கு நஞ்சூட்ட வரும் அவள், லலிதை என்ற அழகியாக மினுக்கு வேஷத்தில் வருகிறாள். வர்ணத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

மேல்நாட்டில் இதையே ஒரு விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகித் தாமே கதையை நடத்திச் செல்ல வேண்டும். தம் பாத்திரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே பிரிவுகள். 1978-இல் வந்த விதிநூலில் அவை ஒன்பதாயின. ஒன்பது என்றதும் மலைக்க வேண்டாம், இரண்டு கேள்விகள்தாம். இவள் சட்டத்துக்கும் கட்டளைக்கும் கட்டுப்பட்டவளா, தன் மனம்போனபடி நடப்பவளா? இவள் பிறர் நலம் நாடுபவளா, தன்னலத்துக்காகப் பிறரை நசுக்குபவளா? இரண்டுக்கும் "நடுவில்" என்றும் பதில் சொல்லலாம்.

இப்படிக் கேள்வியை இரண்டாகப் பிளந்ததில் பெரிய லாபம் இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிவது வேறு, நல்லவளாயிருப்பது வேறு என்பது தெளிவாகிறது. யாத்திராகமத்தில் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பாரவோன் இட்ட கட்டளையை மருத்துவச்சிகள் இருவர் மீறினார்கள். சட்டத்தை மீறிய நல்லவர்கள் அவர்கள். பிலாத்து சட்ட நாற்காலியில் உட்கார்ந்தே, குற்றமில்லை என்று தானே கண்டவரைச் சாவுக்குக் கையளித்தான்.

நம் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்நாளெல்லாம் சுவைத்துப் பேசிய கம்பரிடம் இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று உண்டு. கும்பகருணன், விபீஷணன் இருவருமே அண்ணன் செய்தது பாவம் என்று அறிந்தவர்கள். இருவருமே அதை அண்ணனிடம் எடுத்துச் சொன்னவர்கள். விபீஷணன் இராமனிடம் போய்ச் சேர்கிறான். போர்க்களத்தில் தம்பி வந்து அழைத்தும் கும்பகருணன் போகாமல், சாவு நிச்சயம் என்று தெரிந்தே உண்ட சோற்றுக்குப் போரிடுகிறான். விசுவாசமா தர்மமா என்று இருவரையும் இரண்டு கட்டங்களில் பூட்டிவிடலாம். ஆனால் கும்பகருணனாக நடிக்கும் பெண் வெறும் அரக்கச் சிரிப்புச் சிரித்தால், கம்பர் தந்ததில் முக்கால் பங்கு போய்விடும்.

ஆகவே தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். தேர்ந்ததை எப்படிப் பொருள் கொள்வது என்பதே மீதி. மேற்சொன்ன விளையாட்டை ஆடுவோரிடையே ஒரு வழக்கமான குறை உண்டு. கூட்டாளியின் பையைத் திருடிவிட்டு, "நான் என்ன செய்ய, என் பாத்திரம் கெட்டவன்" என்பார்கள். மேடையிலும் இதே குறைதான். வில்லன் என்றால் மீசையை முறுக்குவது, கண்ணை உருட்டுவது. எந்த மனிதனும் கெட்டவனாயிருப்பதற்காகக் கெட்டது செய்வதில்லை. அவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது, அல்லது எதற்கோ பயம்.

ஸ்நாபக அருளப்பரின் தலையைக் கேட்ட பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெண்கள் பள்ளிக்குப் பொருத்தமான பாத்திரம், ஆனால் எவரும் விரும்பாதது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அவளுக்குப் பெயர் கூட இல்லை. ஆடி முடித்ததும் அரசன் வரம் தருகிறான். என்ன கேட்பதென்று தெரியாமல் தாயிடம் ஓடுகிறாள். இதுவரை அவள் அம்மா சொல் தட்டாத பிள்ளை. தாய் சொல்வது அருளப்பரின் தலையை மட்டுமே. திரும்பி வந்து "இப்போதே" என்பதையும் "ஒரு தட்டில்" என்பதையும் சேர்த்துச் சொல்பவள் மகள். தாய் சொன்னதில் தட்டு இல்லை. அந்த இரண்டு சொற்களை எந்தக் குரலில் சொல்வது? விருந்து மண்டபத்தில் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் குழந்தைத்தனமாகச் சொன்னாளா, தாயை மிஞ்சும் கொடுமையோடு சொன்னாளா? நடிப்பவள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு முன்னதுதான் அதிகப் பயங்கரமாகப் படுகிறது.

யூதாசும் அப்படியே. கடைசி இராப் போசனத்தில், உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னபோது சீடர் ஒவ்வொருவரும் நானா, நானா என்றுதான் கேட்டார்கள். யூதாசைச் சுட்டிக்காட்ட எவருக்கும் தோன்றவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதுதானே இதற்குப் பொருள்? நம் நாடகங்களிலோ அவன் முதற்காட்சியிலேயே கறுப்பு அங்கியும் திருட்டு நடையுமாக வருகிறான். பதினொரு பேரும் அதைக் காணவில்லையென்றால் அவர்கள் குருடர்களாயிருக்க வேண்டும்! இராயப்பருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே உடுத்தி உட்கார வையுங்கள்.

வேஷம் ஒட்டிக்கொள்ளுமா என்ற பெற்றோர் கவலைக்கு நம் நாட்டு மேடையே விடை சொல்லும். எம்.என். நம்பியார் (1919–2008) தமிழ்த் திரையில் செய்யாத அக்கிரமம் இல்லை. வாழ்விலோ மது மாமிசம் தொடாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்கு விரதமிருந்து சென்றவர். சிறுவனாக அவர் சேர்ந்த கம்பெனி நவாப் ராஜமாணிக்கத்தினுடையது. ராஜமாணிக்கம் முஸ்லிமும் அல்லர், நவாபும் அல்லர். பக்த ராமதாசைச் சிறையிலிடும் நவாபாகச் சிறப்புற நடித்ததால் அப்பட்டம் அவர் பெயரோடு நிலைத்தது. அவர் குழு இயேசுநாதர் சரித்திரத்தையும் மேடையேற்றியது.

திருச்சபை மரபில் இன்னும் விசித்திரமான ஒரு வரலாறு உண்டு. உரோமாபுரியில் தியோக்கிளேசியன் காலத்தில் ஜெனேசியுஸ் என்ற நடிகர், கிறிஸ்தவர்களைப் பரிகாசம் செய்ய ஞானஸ்நானம் பெறுவதுபோல் மேடையில் நடித்தாராம். நடிப்பின் நடுவிலேயே மனம் மாறி, மெய்யாகவே விசுவசித்து, வேதசாட்சியாக உயிர் விட்டார் என்பர். நடிகர்களுக்குப் பாதுகாவலர் அவரே.

வேஷத்தைவிட, அதன் பிறகு நாம் பேசுவதுதான் பிள்ளைகள்மீது ஒட்டிக்கொள்கிறது. யூதாசாக நடித்தவளை விடுதியில் பரீட்சை வரை "யூதாஸ்" என்றே கூப்பிடுவதை ஆசிரியைகள் முதல் வாரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நாடகம் முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று வணங்கும்போது அவளை ஓரத்தில் தள்ளாமல், மாதாவுக்கு அடுத்து நிறுத்தலாம். அடுத்த ஆண்டு அந்தப் பாத்திரத்துக்கு இரண்டு கைகளாவது உயரும்.