தூங்க வைக்கும் எந்திரம்: சத்தம் குறையலாம், மூச்சு குறையலாமா?

குறட்டை விடுகிறவரைப் பார்த்தால், "என்ன நிம்மதியான தூக்கம்!" என்று சொல்லுவார்கள். எல்லாக் குறட்டையும் நிம்மதியான தூக்கம் அல்ல.

சிலருக்குக் குறட்டை திடீரென்று நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும்! 10 விநாடி, 20 விநாடி கழித்துத் திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவைகூட இப்படி நடப்பது உண்டு.

காரணம் என்ன? தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது. இவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். ரத்தக் கொதிப்பும் வரலாம்.

சிட்னி டாக்டர்

நோய் முற்றினால், தொண்டையில் துளை போட்டு ஆபரேஷன் செய்வார்கள். அதுதான் அந்தக் காலத்து வைத்தியம்.

1980-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் ஒரு நோயாளிக்கு அந்த ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். அவர் விரும்பவில்லை. அப்போது டாக்டர் காலின் சல்லிவன் ஒரு புது வழி கண்டுபிடித்தார். மூக்கு வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தினால் தொண்டை மூடாது அல்லவா?

தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மோட்டாரைக்கொண்டு காற்றை ஊதச் செய்தார். நோயாளி மூச்சு நிற்காமல் தூங்கினார்!

மூச்சு வந்தது. கூடவே சத்தமும் வந்தது. அந்தக் காலத்து எந்திரங்கள் அப்படி இரைந்தன.

"புஸ்" சத்தம்

இன்றைய எந்திரம் சிறு பெட்டிதான். பலவற்றின் சத்தம் 30 டெசிபலுக்குள் அடங்கும். நாம் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல்.

ஆனாலும் சில வீடுகளில், "புஸ்" என்ற சத்தத்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. முகமூடியின் ஓரத்தில் காற்று கசிவதுதான் பெரும்பாலும் காரணம். முகத்துக்கு ஏற்ற அளவில் முகமூடி வாங்கவேண்டும். எண்ணெய்ப் பசை போகத் தினமும் கழுவவேண்டும். வாரை அளவுக்கு மீறி இறுக்கினால் மூக்கில் புண் வரும்.

எந்திரத்தைத் தலைமாட்டில் வைக்காமல், கட்டிலைவிடத் தாழ்வான மேஜையில் வைக்கலாம்.

செய்யக் கூடாதவை

முகமூடியில் சிறு துளைகள் இருக்கும். விட்ட மூச்சு அதன் வழியாகத்தான் வெளியேறும். சத்தம் வருகிறதே என்று அதை அடைக்கக் கூடாது! கெட்ட காற்றே திரும்ப உள்ளே போகும். எந்திரத்தைத் துணி போட்டு மூடவும் கூடாது.

காற்றின் அழுத்தத்தைத் தாமாகவே குறைப்பதும் தவறு. தொண்டை பழையபடி மூடிக்கொள்ளும். மூச்சை வெளியே விடச் சிரமமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தம் கூடும்படி எந்திரத்தை அவர் அமைத்துத் தருவார்.

சத்தத்தை அடக்கப்போய்க் கம்பெனியே சிக்கிக்கொண்டதும் உண்டு. இரைச்சல் கேட்காமல் இருக்க, பிலிப்ஸ் கம்பெனி தன் எந்திரங்களுக்குள் ஒருவகைப் பஞ்சு வைத்தது. அது உதிர்ந்து மூச்சோடு உள்ளே போகலாம் என்று தெரிந்தது. 2021-ம் ஆண்டு ஜூன் மாதம், லட்சக்கணக்கான எந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் அதைப் பார்க்கிறார். குறட்டையைக் கேலி செய்யாமல், டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.