புதுப்பித்த ஆட்டோமேட்டிக் கியர் ஏன் உதைக்கிறது?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே நின்று நின்று நகரும் ஓர் ஆட்டோமேட்டிக் கார், கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுத் தட்டுகள் போட்டு வந்த பிறகு, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் முதுகில் உதைப்பதேன் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா?

1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் காலந்தொட்டே, கியரை மாற்றும் சக்தி எண்ணெயின் அழுத்தந்தான். அது உராய்வுத் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. தட்டுகள் தேயத் தேய இடைவெளி பெருகுவதால், இக்காலத்துக் கார்களின் கணினி அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தி, அக்கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது.

ராயபுரத்துக் கடற்காற்றில் உப்பி இறுகிய கதவைப் பல மாதம் தோளால் இடித்தே திறந்து பழகியவர், தச்சர் அதை இழைத்துச் சீராக்கிய மறுநாளும் அதே வேகத்தில் தள்ளினால், கதவு சுவரில் மோதாதோ? பழைய தேய்மானக் கணக்கை விடாத கணினியும் புதுத் தட்டுகளை அவ்விதமே அறைகிறது.

ஆகையால் உடனே கியர்பாக்ஸை மறுபடி பிரிக்கத் துணியாதீர்கள். எண்ணெயின் வகையும் அளவும் சரியா என்று பார்த்து, ஸ்கேனரால் பழைய கணக்கை அழித்து, எண்ணெய் சூடேறியபின், ஆக்சிலரேட்டரை மிதமாக மிதித்து எல்லாக் கியர்களும் ஏறி இறங்குமாறு ஓட்டவேண்டும். லாரி வரிசை குறைந்த வேளையில் எண்ணூர் விரைவுச் சாலை இதற்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

பின்னும் உதைத்தால், அழுத்தத்தை ஆளும் சோலனாய்டையும் வால்வு பாடியையும் தட்டுகளின் இடைவெளியையும் மெக்கானிக் சோதிப்பது அவசியம்.